யுரேனஸ் வளையமும் காவலூரும்: என் தப்பைத் திருத்துற எபிசோட்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கேன்.)

 

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது. ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி வெளிக்கோள்கள் பத்திப் பேசினோம், ஞாபகம் இருக்கா? வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன்னு வரிசையா போனோம். யுரேனஸ் வந்தப்போ நான் ரொம்பக் கெத்தா ஒரு வரி சொன்னேன். "யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு உலகத்துலயே முதல்ல கண்டுபிடிச்சது நம்ம காவலூர் டெலஸ்கோப்தான்."

அடுத்த நாள் ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, அது சரியில்லைன்னு நினைக்கிறேன். கண்டுபிடிச்சது விமானத்துல போன ஒரு அமெரிக்கக் குழு. கொஞ்சம் செக் பண்ணுங்க."

செக் பண்ணேன். அவங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. ஸாரி.

ஆனா செக் பண்ணப் போன இடத்துல ஒரு முழுக்கதை கிடைச்சுது. நான் அடிச்சுவிட்ட பெருமையை விட உண்மை ரொம்ப நல்லா இருக்கு. அதான் இந்த எபிசோட்.

அரூர், மொட்டை மாடி

முதல்ல, அந்தத் தப்பு எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன். நான் அரூர்க்காரன். ஸ்கூல் படிக்கும்போது தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் கட் உச்சத்துல இருந்த காலம். ராத்திரி கரண்ட் போச்சுன்னா வீட்ல எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டு மாடிக்குப் போயிடுவோம். மொத்த ஊரும் இருட்டு. மேல பார்த்தா நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும்.

அப்பா வடகிழக்குப் பக்கம் கையைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் கண்ணு ஜவ்வாது மலை. அங்க காவலூர்ல பெரிய டெலஸ்கோப் இருக்கு. யுரேனஸ் வளையத்தை அங்கதான் கண்டுபிடிச்சாங்க"ன்னு சொல்லுவார். அவருக்கு அவரோட வாத்தியார் சொன்னதாம்.

தருமபுரின்னா "பின்தங்கிய மாவட்டம்"னு கேட்டே வளர்ந்தவங்க நாங்க. காவலூர் எங்க மாவட்டம்கூட இல்ல. அப்போ வட ஆற்காடு, இப்போ திருப்பத்தூர். ஆனா எங்க மாடியில இருந்து நேர்கோடு போட்டா சுமார் 70 கிலோமீட்டர்தான். ரோட்ல போனா ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஆலங்காயம் வழி. சூரியக் குடும்பத்தோட ஒரு பெரிய ரகசியம் பக்கத்து மலையில வெளிப்பட்டுச்சுன்னா ஒரு சின்னப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அதை நான் ஒரு தடவைகூட சரிபார்க்கலை. சரிபார்க்கத் தோணவே இல்லை. அதான் மைக் முன்னாடியும் அப்படியே வந்துடுச்சு.

நிழலை வச்சு அளக்கிறது

சரி, 1977-ல என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சுக்க ஒரு டெக்னிக் தெரியணும். அதுக்குப் பேரு மறைப்பு.

யுரேனஸ் நம்மகிட்ட இருந்து சுமார் 270 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. 51,000 கிலோமீட்டர் குறுக்களவு உள்ள ராட்சதக் கோள். ஆனா தரையில இருக்கிற டெலஸ்கோப்ல பார்த்தா பச்சையும் நீலமும் கலந்த ஒரு சின்னப் பொட்டு, அவ்வளவுதான். அதைச் சுத்தி 100 கிலோமீட்டர் அகலத்துல, கரி மாதிரி கருப்பா ஒரு வளையம் இருந்தா எப்படித் தெரியும்? ஹைதராபாத்ல ஒருத்தர் அஞ்சு ரூபாய் நாணயத்தைத் தூக்கிப் பிடிக்கிறார், நான் அரூர் மாடியில இருந்து பார்க்கிறேன்னு வச்சுக்கோங்க. கிட்டத்தட்ட அந்த அளவுதான். நேரா பார்த்து ஜெயிக்க முடியாது.

அதனால வேற வழி. ராத்திரி நேரம் ரோட்டோரம் நிக்கிறீங்க. தூரத்துல ஒரு பஸ் வருது. ஹெட்லைட் மட்டும் தெரியுது. நடுவுல ஒரு புளியமரம் இருக்கு, இருட்டுல அது தெரியலை. பஸ் அதுக்குப் பின்னாடி போகும்போது வெளிச்சம் ஒரு நொடி அணைஞ்சு திரும்ப வரும். மரத்தை நீங்க பார்க்கலை. ஆனா அங்க ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. பஸ்ஸோட வேகம் தெரிஞ்சா, எவ்வளவு நேரம் அணைஞ்சதுங்கிறதை வச்சு மரம் எவ்வளவு அகலம்னுகூடச் சொல்லிடலாம். வெளிச்சம் பட்டுன்னு அணையாம மெதுவா மங்கினா? நடுவுல மூடுபனி மாதிரி ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

பஸ்ஸுக்குப் பதிலா ஒரு நட்சத்திரம். மரத்துக்குப் பதிலா ஒரு கோள், இல்லைன்னா ஒரு நிலா. அவ்வளவுதான் மறைப்பு. நட்சத்திரத்தோட வெளிச்சத்தை விடாம அளந்துக்கிட்டே இருக்கணும்.

இதுல ஒரு சிக்கல். மறைக்கிற பொருளோட நிழல் பூமியில எல்லா இடத்துலயும் விழாது. எங்க விழுதோ அங்க உங்ககிட்ட நல்ல டெலஸ்கோப் இருக்கணும், வானம் தெளிவா இருக்கணும். கிழக்கே ஆஸ்திரேலியா, மேற்கே ஆப்பிரிக்கா, நடுவுல பெரிய இந்தியப் பெருங்கடல். அந்த இடைவெளியில காவலூர் எவ்வளவு முக்கியமான இடம்னு யோசிச்சுப் பாருங்க.

கானிமீட்: முதல் ஆட்டம்

காவலூர் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைனு பாப்பு. பெரிய நகரங்களோட வெளிச்சம் எட்டாத மலைக்காடு, சுமார் 725 மீட்டர் உயரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் இருக்கிறதால வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்துல பெரும்பகுதியும் தெரியும். 1968-ல 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போட ஆரம்பிச்சாங்க. 1972-ல ஜெர்மனியோட கார்ல் ஜெய்ஸ் தயாரிச்ச ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்துச்சு.

அது வந்த அதே வருஷம், 1972 ஜூன் 7. வியாழனோட நிலா கானிமீட் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி கடந்து போச்சு. கானிமீட் சாதாரண நிலா இல்லை. சூரியக் குடும்பத்துலயே பெரிய நிலா அதுதான். புதன் கோளைவிடப் பெருசு. காவலூர்லயும், இந்தோனேசியாவோட லெம்பாங்லயும் அந்த மறைப்பைப் பார்த்தாங்க. வெளிச்சம் பட்டுன்னு அணையலை, கொஞ்சம் மெதுவா மங்கின மாதிரி இருந்துச்சு. அப்படின்னா மூடுபனி! கானிமீட்டுக்குக் காற்று மண்டலம் இருக்குன்னு 1973-ல சர்வதேசக் குழுவா 'சயின்ஸ்' இதழ்ல கட்டுரை போட்டாங்க. காவலூர் ஆளான ஜே.சி. பட்டாச்சார்யாவும் அதுல ஒருத்தர்.

1979-ல வாயேஜர் 1 வியாழன்கிட்ட போச்சு. கானிமீட்டையும் பார்த்துச்சு. 1972-ல கணிச்ச அளவு காற்று அங்க கிடையவே கிடையாது. பல ஆயிரம் மடங்கு கம்மி. அதோட அந்தக் கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. அப்புறம் 1990-கள்ல ஹபிள் டெலஸ்கோப் பார்த்தப்போ, ரொம்ப ரொம்ப மெல்லிய ஆக்சிஜன் அங்க இருக்குன்னு தெரிஞ்சுது. பனிக்கட்டித் தரையில துகள்கள் வந்து மோதுறதால உண்டாகிற ஆக்சிஜன்.

"அப்போ 1972-ல சொன்னது சரிதானே?"ன்னு கேட்கத் தோணும். இல்லை மக்களே. அன்னைக்குச் சொன்ன அளவு தப்பு. பின்னாடி கிடைச்சது வேற விஷயம். ரெண்டையும் ஒட்டவச்சுப் பெருமைப்பட்டா அது மறுபடியும் என் பழைய தப்புதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

1977 மார்ச் 10

இப்போ மெயின் கதை. அந்த இரவு துலாம் ராசிப் பக்கம் இருக்கிற ஒரு மங்கலான நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப் போகுதுன்னு முன்னாடியே கணக்குப் போட்டாச்சு. பேருகூடக் கிடையாது, வெறும் கேட்டலாக் நம்பர்தான். யாரும் வளையம் தேடிப் போகலை. யுரேனஸோட குறுக்களவு எவ்வளவு, அதோட காற்று மண்டலம் எப்படி, இதுதான் பிளான்.

நாசாகிட்ட ஒரு சரக்கு விமானத்துக்குள்ள 91 சென்டிமீட்டர் டெலஸ்கோப் வச்ச பறக்கும் ஆய்வகம் இருந்துச்சு. கைப்பர் வான்வழி ஆய்வகம்னு பேரு. ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், டக்ளஸ் மிங்க் மூணு பேரும் அதுல ஏறி இந்தியப் பெருங்கடலோட தெற்குப் பகுதிக்கு மேல பறந்தாங்க. கணிச்ச நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்னு கருவியை முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட முன்னாடியே ஆன் பண்ணிட்டாங்க. மொத்தக் கதையும் இந்த ஒரு முடிவுலதான் நிக்குது. யுரேனஸ் நட்சத்திரத்தைத் தொடுறதுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல இருக்கும்போதே வெளிச்சம் சட்டுன்னு சரிஞ்சு திரும்ப வந்துச்சு. அப்புறம் இன்னொரு தடவை. இப்படி அஞ்சு தடவை.

அதே இரவு காவலூர்ல ஒரு மீட்டர் டெலஸ்கோப் முன்னாடி பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும். அவங்களுக்கும் சரிவு கிடைச்சுது. சில நொடி நட்சத்திரம் மங்கி, திரும்ப வந்துச்சு. யுரேனஸோட நிழல் விண்வெளியில நொடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்துல நகர்ந்துக்கிட்டு இருந்த நேரம். அப்போ எட்டு நொடி மறைச்சா, மறைச்ச பொருள் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் அகலம். கணக்கு அவ்வளவு சிம்பிள்.

இப்போ நீங்க அந்த இடத்துல இருக்கீங்க. யுரேனஸ் பக்கத்துல 100 கிலோமீட்டர் அகலத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். அது என்ன? அன்னைக்கு யுரேனஸுக்குத் தெரிஞ்ச நிலாக்கள் அஞ்சு. வளையம் உள்ள கோள்னா சனி மட்டும்தான்னு பாடப்புத்தகம் சொல்லுது. நானா இருந்தாலும் "புது நிலா"ன்னுதான் சொல்லியிருப்பேன்.

அவங்களும் அதையேதான் சொன்னாங்க. 1977 மே மாசம் 'நேச்சர்' இதழ்ல பட்டாச்சார்யா, குப்புசாமி பேர்ல கட்டுரை வந்துச்சு. தலைப்பு: யுரேனஸின் ஒரு புதிய துணைக்கோள்.

புரியுதா மக்களே? ஜவ்வாது மலையில இருந்து வளையத்தைப் பார்த்துட்டாங்க. பார்த்துட்டு அதுக்கு நிலான்னு பேர் வச்சாங்க.

இதுல சிரிக்க ஒண்ணும் இல்லை. விமானத்துல இருந்தவங்களும் முதல்ல சின்னச் சின்ன நிலாக்களோட கூட்டமா இருக்கும்னுதான் நினைச்சாங்க. வித்தியாசம் எங்கன்னா, அவங்ககிட்ட கோளுக்கு முன்னாடி விழுந்த சரிவுகளும் இருந்துச்சு, கோளைத் தாண்டின பிறகு விழுந்த சரிவுகளும் இருந்துச்சு. காகிதச் சுருளை விரிச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம் மாதிரி. இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு, கிட்டத்தட்ட அதே தூரங்கள்ல. நிலாக்கள் அப்படி ரெண்டு பக்கமும் அளந்து வச்ச மாதிரி நிக்காது. வளையம் மட்டும்தான் நிக்கும். ஒரே ஒரு தெளிவான சரிவை மட்டும் வச்சு அதைச் சொல்லவே முடியாது.

அதனால கண்டுபிடிப்பு எலியட் குழுவோடதுதான். அதுல சந்தேகம் இல்லை.

தலைப்பை மாத்தின டிசம்பர்

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான். அதே 1977 டிசம்பர். அதே 'நேச்சர்'. இந்தத் தடவை பட்டாச்சார்யாவும் பாப்புவும் சேர்ந்து எழுதின கட்டுரை. தலைப்பு: யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போன்ற வளையத் தொகுதி. மே மாசம் நிலா, டிசம்பர்ல வளையம். பழசை மூடி மறைக்கலை. எந்தப் பத்திரிகையில முதல்ல சொன்னாங்களோ அதே பத்திரிகையில, உலகமே படிக்கிற இடத்துல, புது விளக்கத்தை வச்சாங்க. "சனியைப் போன்ற"ங்கிறதும் பின்னாடி முழுசா ஒத்துப்போகலை. சனியோட வளையம் அகலமா, பளிச்சுன்னு இருக்கும். யுரேனஸோடது பெரும்பாலும் ஒல்லியா, கருப்பா இருக்கு. அதனால என்ன? அடுத்தவங்க வந்து திருத்துவாங்க. வேலை அப்படித்தான் நடக்குது.

ஒரு சின்ன டெவலப்பர் ஜோக் இங்க. எலியட் குழு வளையங்களுக்கு ஆல்ஃபா, பீட்டான்னு கிரேக்க எழுத்துல பேர் வச்சாங்க. ஆஸ்திரேலியாவோட பெர்த்ல இருந்து பார்த்த குழு 1, 2, 3-ன்னு நம்பர் போட்டாங்க. கடைசியில ரெண்டையும் மெர்ஜ் பண்ணிட்டாங்க, யாரும் ரீஃபாக்டர் பண்ணலை. இன்னைக்கும் உள்ளே இருந்து வெளியே முக்கியமான வளையங்களோட வரிசை 6, 5, 4, ஆல்ஃபா, பீட்டா, ஈட்டா, காமா, டெல்டா, எப்சிலான். நம்ம கோட்பேஸே பரவாயில்லைன்னு தோணுதுல்ல? இப்போ மொத்தம் 13 வளையம் தெரியும்.

1986 ஜனவரி 24-ல வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்து போச்சு. இன்னை வரைக்கும் அங்க போன ஒரே விண்கலம் அதுதான். அது எப்சிலான் வளையத்தோட உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு குட்டி நிலாக்களைக் கண்டுபிடிச்சுது. கார்டீலியா, ஒஃபீலியா. ஒவ்வொண்ணும் சுமார் 40 கிலோமீட்டர். ஆட்டை மேய்க்கிற மாதிரி ரெண்டு பக்கமும் ஓடி, வளையம் சிதறாம பார்த்துக்குதுங்க.

இங்கதான் கானிமீட் பாடம். "பாத்தீங்களா, காவலூர்ல சொன்ன நிலா நிஜமாவே இருந்துச்சு!"ன்னு முடிச்சா சூப்பரா இருக்கும். ஆனா அது பொய். அவங்க கருவியில பதிவானது நிலா இல்லை, வளையம்தான்.

மறைப்பு டெக்னிக் இன்னும் ரிட்டயர் ஆகலை. 1988-ல புளூட்டோவுக்குக் காற்று மண்டலம் இருக்குன்னு உறுதி பண்ணது இதே முறைதான், அதுலயும் எலியட் குழு இருந்துச்சு. 2013-ல சாரிக்ளோங்கிற 250 கிலோமீட்டர் சைஸ் குட்டிப் பொருளுக்கே வளையம் இருக்குன்னு இப்படித்தான் தெரிஞ்சுது. கானிமீட்டுக்கு இப்போ ஜூஸ்னு ஒரு ஐரோப்பிய விண்கலம் போயிட்டு இருக்கு. 2023 ஏப்ரல்ல கிளம்பினது, 2031-ல வியாழனை அடையணும்.

என் டாஷ்போர்டுல ஒரு சரிவு

இந்தக் கதை எனக்கு ஏன் இவ்வளவு ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிடறேன். முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில, ஆன்-கால்ல இருந்த ஒரு ராத்திரி. மானிட்டரிங் கிராஃப்ல ஒரு சின்னச் சரிவு. சில நொடிதான். திரும்ப நார்மல். நான் என்ன பண்ணேன்? "நெட்வொர்க் பிளிப்"னு ஒரு வார்த்தை டைப் பண்ணி டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டுத் தூங்கிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு அதே பிரச்சினை பெருசா வெடிச்சுது. பழைய பதிவை எடுத்துப் பார்க்கலாம்னா, நான் எதையும் எடுத்து வைக்கலை. என்ன நேரம், எவ்வளவு நொடி, எவ்வளவு ஆழம், எதுவும் இல்லை. இருந்தது என்னோட முடிவு மட்டும்தான், அதுவும் தப்பான முடிவு.

காவலூர்ல விளக்கம் தப்பா போச்சு, ஆனா அளவு பத்திரமா இருந்துச்சு. அதனாலதான் டிசம்பர்ல திருத்த முடிஞ்சுது. மேகம், கருவிக் கோளாறுன்னு சொல்லிட்டு அவங்க தூங்கப் போயிருந்தா திருத்துறதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது. இப்போ வேலையில நான் ஒரு சின்னப் பழக்கம் வச்சிருக்கேன். என்ன நடந்துச்சுன்னு முதல்ல எழுதுவேன், அது என்னவா இருக்கும்னு நினைக்கிறேங்கிறதைத் தனி வரியில எழுதுவேன். ரெண்டும் ஒரே வரியில கலந்துடக் கூடாது.

அப்பாவுக்கு ஒரு போன்

எல்லாம் படிச்சு முடிச்சதும் அப்பாவுக்குப் போன் பண்ணேன். உண்மையைச் சொன்னா, கொஞ்சம் பயமா இருந்துச்சு. அவரோட மாடிக் கதையை நான் உடைக்கிறேன் இல்ல?

முழுசாக் கேட்டுட்டு, "அப்ப நம்ம மலையில பார்க்கலையா?"ன்னார்.

"பார்த்தாங்கப்பா. அதே ராத்திரி பார்த்தாங்க. நிலான்னு நினைச்சுட்டாங்க. ஏழு மாசம் கழிச்சு அவங்களே வளையம்னு எழுதிட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "திருத்தி எழுதினாங்கல்ல? அது போதும் கண்ணு. நீயும் ரேடியோவுல திருத்திச் சொல்லிடு"ன்னார். பாட்காஸ்ட்னு எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு இது ரேடியோதான்.

சொல்லிட்டேன்ப்பா.

போறதுக்கு முன்னாடி ஒரு வேலை கொடுக்கறேன் மக்களே. வியாழன் ராத்திரி வானத்துல நல்லா தெரியுற மாசங்கள்ல, யார்கிட்டயாவது ஒரு பைனாகுலர் கடன் வாங்குங்க. கையை மாடிச் சுவர்ல ஊன்றி, ஆடாம பாருங்க. வியாழன் பக்கத்துல சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரே கோட்டுல தெரியும், அதிகபட்சம் நாலு. அதுல ஒண்ணு கானிமீட். மறுநாளும் பாருங்க, இடம் மாறியிருக்கும். ரெண்டு நாளும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு, தேதியும் நேரமும் போட்டு, எனக்கு அனுப்புங்க. எது எந்த நிலான்னு தப்பா எழுதினாலும் பரவாயில்லை. தேதியும் நேரமும் மட்டும் சரியா இருக்கட்டும், மத்ததைச் சேர்ந்து கண்டுபிடிச்சுக்கலாம்.

தப்பைச் சொன்ன அந்த நேயருக்கு ஒரு பெரிய தேங்க்ஸ். இந்த எபிசோட்லயும் ஏதாவது தப்பு இருந்தா மெயில் பண்ணுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். டாட்டா!